நடுச்சுவரின் அந்தப் பக்கம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும். புதுச்சேரியில் ஒரு மில்லில் துணி பார்க்கிற வேலையில் இருந்தவன் நான். தறியிலிருந்து வருகிற துணியை மேசையில் விரித்து, இழை அறுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை பட்டிருக்கிறதா, முடிச்சு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பேன். குறை இருக்கிற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போடுவேன். அந்த வேலையில் சேருகிற அன்றைக்கே ஒரு பாடம் சொல்லிக்கொடுப்பார்கள்: துணியைத் திருப்பி அந்தப் பக்கமும் பார். முன்பக்கம் மாப்பிள்ளை மாதிரி இருக்கிற துணிக்குப் பின்பக்கத்தில்தான் எல்லா வண்டவாளமும் இருக்கும். வருஷக்கணக்கில் அதைச் செய்து சம்பளம் வாங்கினேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே அதைச் சொல்லியும் கொடுத்தேன். அப்பேர்ப்பட்டவன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை வீடு வாங்கினேன். சுவரை ஒரு பக்கம் மட்டும் பார்த்து வாங்கினேன்.

குறையுள்ள துணியை மில்லில் கழிவு என்று தனியாக ஒதுக்கி, விலையைக் குறைத்துத் தள்ளிவிடுவார்கள். நான் வாங்கியதை ஒதுக்கிவைக்கவும் இடமில்லை, தள்ளிவிடவும் ஆளில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் உள்ள எங்கள் கிராமத்தில், அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கும் என் மனைவிக்கும் எங்கள் பெண் குழந்தைக்கும் ஓர் அறை. அந்த அறையில் பாதி இடம் அண்ணனின் நெல் மூட்டைகளுக்கு. மூட்டைகள் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. அதற்காக அவற்றை நான் மதித்தேன். அண்ணிக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஒரே அடுப்பு. அடுப்பைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அண்ணி இன்னும் இருக்கிறார்.

என் மனைவிக்குப் பண்டசோழநல்லூரில் ஒரு துண்டு வயல் இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் களிமண் பூமி. அவள் அப்பா சாகப்போகிற நேரத்தில் மகன்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, “இது பொண்ணுக்கு” என்று சொல்லி எழுதிவைத்தது. அவள் நகை என் தங்கை கல்யாணத்தோடு போயிற்று. அவள் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்களில் அண்ணியின் பெயரை வெட்டாததுதான் பாக்கி. அவளுடையது என்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்த வயல்தான். குத்தகைக்கு விட்டிருந்தோம். ஆனாலும் நடவு நேரத்தில் ஒரு தடவை, அறுப்பு நேரத்தில் ஒரு தடவை சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்து வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யமாட்டாள். நான் கேலி செய்வேன்: “நீ பாக்கலன்னா நெல்லு வெளையாதா?” அவள் கேரியரில் ஏறி உட்கார்ந்துவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சைகோன்காரர் வீடு விலைக்கு வந்தது.

வில்லியனூரில் அந்த வீட்டைத் தெரியாதவர் இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குப் போய், அங்கே ஏதோ சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து, கை நிறையச் சம்பாதித்துத் திரும்பியவர் கட்டிய மெத்தை வீடு. வளைவு வைத்த வாசல், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கவேண்டிய மச்சு, தேக்கு உத்திரங்கள், சுண்ணாம்புக் காரை பூசி வழவழவென்று தேய்த்த சுவர்கள். கோடையிலும் அந்தச் சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். குருத்து ஞாயிறு பவனி அந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் நான் கூட்டத்திலிருந்து ஒதுங்கி வெளிச்சுவரில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். பக்தி எந்தப் பக்கம் போயிற்று என்று கேட்காதீர்கள்.

விலைக்கு வந்தது முழு வீடு இல்லை, பாதி. சைகோன்காரர் இறந்த பிறகு அவருடைய இரண்டு மகன்களும் வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். கூடத்தின் குறுக்கே ஓடிய பெரிய சுவர்தான் எல்லை. அதிலிருந்த கதவைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். மேலே மச்சைப் பிரிக்க முடியவில்லை. இரண்டு பக்கத்து உத்திரங்களும் அந்த ஒரே நடுச்சுவரின்மேல்தான் தலைவைத்துப் படுத்திருந்தன. அந்தச் சுவரின் தடிமனையும் பங்கு போட்டார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான். பொதுச்சுவர் என்றால் இந்தப் பக்கத்துப் பாதிக் கனம் இவனுக்கு, அந்தப் பக்கத்துப் பாதிக் கனம் அவனுக்கு. இதைக் கேட்டபோது ‘எவ்வளவு நியாயமான ஏற்பாடு!’ என்று எனக்குத் தோன்றியது.

பங்கு பிரித்ததில் ஏதோ மனத்தாங்கல் வந்து, அன்றிலிருந்து இரண்டு பாதிக்கும் பேச்சு இல்லை. மகன்களில் பெரியவர் செத்தபோதுகூடச் சின்னவர் இந்தப் படி ஏறவில்லை. தெருவே இதற்குத் தகுந்தபடி நடந்துகொண்டது. இந்தப் பாதிக்கு ஒரு பால்காரர், அந்தப் பாதிக்கு வேறொரு பால்காரர். மாதா கோயில் பங்குச் சாமியார் மட்டும் இரண்டு பக்கமும் போவார். அவரும் வேறு வேறு நாளில் போவார். பெரியவரின் மனைவி தனியாக இருந்தார். மகன் பிரான்சில் இருந்துகொண்டு, “வித்துட்டு வா” என்று கூப்பிட்டான். நான் போய் விலை கேட்டேன். அந்த அம்மா நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

“வூட்ட நல்லா பாத்துக்கப்பா. தட்டிப் பாரு, மேல ஏறிப் பாரு, வேணும்னா தோண்டிக்கூடப் பாரு. ஆனா அந்தப் பக்கத்து வாசப்படிய மிதிச்ச காலோட என் வூட்டுக்குள்ள வரக்கூடாது. அவன்கிட்ட ஒரு வார்த்த பேசினன்னு தெரிஞ்சாலும் வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்.”

“எனக்கு இன்னாம்மா வேல அங்க?” என்றேன். அவ்வளவு சாமர்த்தியமாகப் பேசிவிட்ட பெருமையில் சைக்கிளை மறந்து பாதி தூரம் நடந்தே வந்துவிட்டேன்.

வயலை விற்றால்தான் வீடு. அதை என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். அன்றைக்கு அடுப்பில் ஏதோ நடந்திருந்தது.

“எங்க அண்ணன கூட்டியாந்து காட்டுங்க. வூடு நிக்கும்னு அவரு வாயால சொல்லட்டும். சொன்னா வயல வித்துடலாம்.”

அவள் அண்ணன் என்றது பெரியம்மா மகனை. எனக்கு மச்சான். மராமத்து இலாகாவில் ஓவர்சியர். அவர் தான் கட்டியதாகச் சொன்ன பாலங்களை வரிசையாக வைத்தால் கடலூர் வரைக்கும் காலில் தண்ணீர் படாமல் போகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர் வந்தார். கையில் குடை, தோளில் ஒரு பை. பைக்குள் தூக்குக்குண்டு, ரசமட்டம், சின்னச் சுத்தியல், பேனாக்கத்தி. என் மனைவியும் வந்தாள். அம்மா இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் செய்து வைத்திருந்தார். மச்சான் சோதனையை இடியாப்பத்திலிருந்து ஆரம்பித்தார். அதில் குறை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

பிறகு எழுந்தார். அதற்கப்புறம் அவர் வேறு ஆள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஏணி போட்டு ஏறி, உத்திரத்தைப் பேனாக்கத்தியால் கீறினார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு அறிவாளி மாதிரி அண்ணாந்தேன். பல வருஷத் தூசி முழுவதும் என் கண்ணுக்கு வந்தது.

“தேக்கு நல்லா வைரம் பாஞ்சிருக்குது. கரையான் பல்லு ஒடஞ்சி ஓடியிருக்கும்” என்றார் மேலேயிருந்து.

என் மனைவியின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த வீட்டைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான்.

கடைசியாக நடுச்சுவருக்கு வந்தார். அதில் ஆள் நெஞ்சு உயரத்தில் வளைவாக ஒரு பெரிய மாடம் குடைந்து, உள்ளே லூர்து மாதா சுரூபம் வைத்திருந்தார்கள். நீல விளிம்பு, காகிதப் பூ, மெழுகுதிரி. எனக்கு அந்த வீட்டிலேயே பிடித்த இடம் அதுதான். மச்சான் கேட்டுக்கொண்டதால் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு சுரூபத்தைத் தானே எடுத்து மேசையில் வைத்தார். மச்சான் மாடத்துக்குள் கையை விட்டார். முழங்கை வரைக்கும் போயிற்று. பின்சுவரைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். திரும்பத் தட்டினார். காதை வைத்தார்.

“இதுக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குது?”

“அவன் இருக்கான்” என்றார் அம்மா.

“ஆளச் சொல்லலம்மா. சொவத்துல இன்னா இருக்குது? சத்தம் வேற மாதிரி கேக்குது. அந்தப் பக்கம் ஒரு தடவ பாத்தாவணும்.”

அம்மா சுரூபத்தை எடுத்துத் திரும்ப மாடத்தில் வைத்தார். காகிதப் பூவைச் சரிசெய்தார். என்னைப் பார்த்தார். நான் உடனே மச்சானின் குடையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

டீக்கடையில் எங்கள் மூவருக்கும் வாக்குவாதம்.

“இன்னா மச்சான் நீங்க? வூட்டயே குடுக்கமாட்டேன்னு சொல்லிடப்போறாங்க. அத்தன வருஷமா நிக்கிற சொவரு!”

“வுழுவுற சொவரு எல்லாம் அதுக்கு முன்ன நின்ன சொவருதான் மாப்ள.”

“சரி, இது நிக்குமா, நிக்காதா? ஒண்ணு சொல்லுங்க.”

“பாதி சொவத்த பாத்துட்டு முழு வார்த்த சொல்றதுக்கு நான் இன்னா தரகனா? அந்தப் பக்கம் பாக்காம நான் வாயத் தொறக்கமாட்டேன்.” ஆனால் டீக்காகத் திறந்தார். குடித்துவிட்டு யோசனையும் சொன்னார்: “அந்தப் பக்கத்து ஆளுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்குதில்ல? பொண்ணு பாக்க வந்தோம்னு போவலாம். நாலு பக்கமும் சுத்திக் காட்டுவாங்க. எங்க ஊர்லேர்ந்து யாராவது ஒரு பையன…”

என் மனைவி டம்ளரை டக்கென்று வைத்தாள்.

“அந்தப் பொண்ணு பூ வச்சிக்கினு வந்து நிக்கும்ண்ணே. சொவத்த பாத்துட்டு வந்துடுவீங்களா?”

அதற்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை. மச்சான் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். நேராகச் சின்னவர் வீட்டுக் கதவைத் தட்டி, “ஐயா, உங்க பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேட்பது எங்கள் மூவருக்குமே தோன்றவில்லை. தோன்றாது. விற்கிறவர் வீட்டில் கை நனைத்துவிட்டு, அவர்களோடு பேச்சில்லாதவர் வாசலில் போய் நிற்பது எங்கள் ஜனங்களுக்கு அவ்வளவு அசிங்கமான காரியம். வீடு இடிந்து விழலாம். மரியாதை விழக்கூடாது.

அப்புறம் ஊரில் வேறொருவர் விலை கேட்டுப் போனதாகக் காதில் விழுந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. மில்லிலிருந்து சட்டைப்பையில் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு நானே சோதனைக்குப் போனேன். ஒவ்வொரு சுவரையும் விரல் முட்டியால் தட்டினேன். என்ன சத்தம் வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்பது எனக்கு நன்றாக வந்தது. காரை உரிந்த இடம், ஜன்னல் சட்டம் இளகிய இடம், ஓடு விரிசல் விட்ட சமையல்கட்டு என்று குறை கண்ட இடத்தில் எல்லாம் பெருக்கல் குறி போட்டேன். அந்த அம்மா என்னைத் தடுக்கவில்லை. பாவம், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கலாம். நடுச்சுவர் முழுவதையும் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அதில் ஒரு குறியும் போடவில்லை.

“அண்ணன் வாயத் தொறக்கலயே” என்றாள் என் மனைவி.

“அவரு தொறக்கலன்னா இன்னா? என் பொழப்பே கொற பாக்கறதுதான? நான் பாத்துட்டேன்.”

“நல்லா பாத்தீங்களா?”

“ஒரு இழ வுடாம.”

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒரு குறி போட்டுவிடுவாளோ என்று நினைத்தேன். போடவில்லை.

வயல் கைமாறியது. வாங்கினவர் அடுத்த பட்டத்துக்கு உழவு ஓட்டவேண்டும் என்று அவசரப்பட்டார். பிறகு கிரயம் எழுதுகிற நொத்தேரிடம் போய், சைகோன்காரர் வீட்டின் பாதி எங்களுடையது ஆயிற்று. அம்மா லூர்து மாதாவைப் புடவையில் சுற்றி, பெட்டியில் வைத்து, பிரான்சுக்கு எடுத்துக்கொண்டு போனார். சாமியார் வந்து வீட்டை மந்திரித்தார். நடுச்சுவர்மேல் கொஞ்சம் அதிகமாகவே தீர்த்தம் தெளித்ததாக ஞாபகம். அவர் இரண்டு பக்கமும் போய்வருகிறவர். அவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று பிற்பாடு நான் யோசித்திருக்கிறேன்.

காலியான மாடத்தில் என் டிரான்சிஸ்டரை வைத்தேன். மாதா இருந்த இடத்தில் ரேடியோவா என்று என் மனைவி முகம் சுளித்தாள். “அதுவும் நல்ல செய்தி சொல்றதுதான்” என்றேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் நகைச்சுவை அது. நான் மட்டும் சிரித்தேன். அந்தக் கூடம் பெரிதாக இருந்ததால் சிரிப்பு எதிரொலித்தது. இரண்டு பேர் சிரித்த மாதிரி இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. மச்சில் எங்கோ நீர் இறங்கி, மாடத்தின் நீல விளிம்பு ஓரமாக ஈரம் பூத்தது. அதன் மேல் நூல் மாதிரி ஒரு கோடு. துணியில் இருந்தால் இழை அறுந்திருக்கிறது என்று உடனே குறி போட்டிருப்பேன். சுவரில் இருந்ததால், “பூச்சு காயுது” என்றேன். கோடு உத்திரத்தின் அடிவரைக்கும் ஏறிற்று. “நல்லா காயுது” என்றேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், முதல் ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரேடியோவில் பாட்டு. வெளியே சரியான மழை. சட்டென்று பாட்டு தள்ளிப்போய்க் கேட்டது. நிமிர்ந்தால் மாடத்தில் ரேடியோ இல்லை. மாடத்துக்குப் பின்சுவரும் இல்லை. ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து வெளிச்சம் வந்தது. ரேடியோ அங்கே போய் விழுந்து பாடிக்கொண்டிருந்தது. பிறகு பாட்டு நின்று வானிலை அறிக்கை ஆரம்பித்தது. மேலும் கனமழை பெய்யக்கூடும் என்றது.

மேலே உத்திரம் ஒரு முனகு முனகிற்று. தலையில் சுண்ணாம்பு கொட்டிற்று. என் மனைவி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினாள். நான் சோற்றுத் தட்டோடு ஓடினேன். இதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

திரும்பி வந்து பார்த்தபோது ஓட்டை வழியாக ஒரு கை நீண்டிருந்தது. கையில் என் ரேடியோ.

“இது உங்களுதா?”

“ஆமாங்க ஐயா.”

“பாடிக்கினே வந்து வுழுந்துது. எங்க திருவுறதுன்னு தெரியல. நிறுத்துங்க.”

அந்த நடுச்சுவர் வழியாக இரண்டு பாதியும் பேசிக்கொண்டது, பங்கு பிரிந்த பிறகு அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

மறுநாள் அந்தப் பக்கத்து வாசற்படியை மிதித்தேன். சின்னவர் மெலிந்த உடம்பு, சுத்தமான வேட்டி. வேட்டியெல்லாம் எங்கே அடுக்கிவைப்பார் என்பது உள்ளே போனதும் தெரிந்தது. எங்கள் மாடத்துக்கு நேர் பின்னால், அதைவிட நாலு மடங்கு பெரிதாகச் சுவரில் அலமாரி குடைந்திருந்தார். பலகைகள் போட்டு, வேட்டிகள், போர்வைகள், மகளின் தையல் மெஷின். எல்லாவற்றின்மேலும் செங்கல் தூள். அந்தப் பெண் ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

“பங்குல சாமான் போடற அறை அண்ணனுக்குப் போயிடுச்சி” என்றார். “எனக்கு ஒரு அலமாரி வாணாமா? அளந்து பாரு தம்பி. என் பாதியத் தாண்டி ஒரு வெரக்கட போவல. அவன் மாதாவுக்குக் குடைஞ்சான், அது அவன் பாதி. நான் வேட்டிக்குக் குடைஞ்சேன், இது என் பாதி. நியாயமா முடிஞ்சிப் போச்சி.”

உண்மைதான். அவ்வளவு நியாயம். இரண்டு பேரும் தங்கள் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாமல் மிச்சமிருந்தது ஒரு பூச்சு. அதைத்தான் நான் தட்டிப் பார்த்துத் தலையைச் சாய்த்துக் கேட்டிருக்கிறேன்.

“வாங்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா.”

“யாருகிட்ட சொல்லுவேன்? அவ வூட்ல எடியாப்பம் வாசன அடிச்சிது. சுத்தியல் சத்தம் கேட்டுது. இங்கயும் வருவீங்கன்னு சட்டயப் போட்டுக்கினு ஒக்காந்திருந்தேன். யாரும் வரல.”

அவர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்குத் திரும்ப வந்தது. குடை, டீக்கடை, நாங்கள் மூவரும் அவர் வாசலைத் தாண்டிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தலையைத் திருப்பாமல் நடந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து சுவரைக் கட்டிவிடலாம் என்று கேட்டேன்.

“எனக்கு எதுக்கு? பொண்ணு கல்யாணமாயி எங்கயாவது போயிட்டா நான் ஒரு கட்டில்ல கெடப்பேன். எங்கப்பன் கட்டுனது. நான் கட்டுனா அவனுக்குப் பாதி போவும். வுழட்டும்.” அண்ணன் செத்து வருஷங்கள் ஆகியும், வீட்டின் அந்தப் பாதி எங்களுடையது ஆகியும் ‘அவனுக்கு’ என்றுதான் சொன்னார். வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டேன். வேறு வேறு வார்த்தைகளில் அதையேதான் சொன்னார்.

மச்சானைக் கூட்டிவந்தேன். இந்த முறை யாரும் இடியாப்பம் செய்யவில்லை. அவர் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார். “இப்ப வாயத் தொறக்கலாமா மாப்ள?” என்று கேட்டார். திறந்தார். மச்சு முழுவதையும் இறக்கிவிட்டு, சுவரை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பினால் உண்டு. அதற்கு அந்தப் பக்கத்து மச்சையும் இறக்கவேண்டும். அதற்கு அவர் சம்மதிக்கவேண்டும். சம்மதித்தாலும் நம்மால் ஆகிற செலவில்லை. அதுவரைக்கும் முட்டு கொடுத்து வையுங்கள். அவ்வளவுதான் அவர் சொன்னது. பாலங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

பனங்கட்டைகள் கொண்டுவந்து உத்திரத்துக்கு முட்டு கொடுத்தோம். சைகோன்காரரின் கூடம் தோப்பு மாதிரி ஆயிற்று. அதன் வழியாகக் குனிந்து, வேகமாக, சத்தம் போடாமல் நடந்து பின்கட்டுக்குப் போகப் பழகினோம். குழந்தைக்குக் கூடத்தில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவைத்தோம். நாங்கள் சமையல்கட்டிலும் அதை ஒட்டிய சின்ன அறையிலுமாக இருந்தோம். அண்ணன் வீட்டில் இருந்த அறையைவிட அது சின்னது. நெல் மூட்டை மட்டும் இல்லை. நெல் வர வயலும் இல்லை. விற்கலாம் என்றால், பார்க்க வருகிறவர்கள் வாசல் வளைவைப் பார்த்துப் பிரமித்து, கூடத்தைப் பார்த்துச் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாகச் சோதனை செய்தார்கள். நான் போட்ட சாக்குக்கட்டிக் குறிகள் சுவர்களில் அப்படியே இருந்தன. குறி போட்ட ஒவ்வொரு இடமும் கல் மாதிரி நின்றது.

என் மனைவி திட்டவில்லை. திட்டினால் சொல்வதற்கு நான் நாலைந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றிரண்டு நல்ல பதில்கள். அவள் ரேடியோவைத் துடைத்துச் சமையல்கட்டு அலமாரியில் வைத்தாள். செங்கல் தூளைக் கூட்டினாள். அந்தப் பக்கத்துப் பெண் தையல் மெஷினைத் துடைக்கப் பழைய துணி கேட்டபோது ஓட்டை வழியாகக் கொடுத்தாள். நடுவில் ஒரு கிழிந்த புடவையைத் தொங்கவிட்டாள். என் வாழ்க்கையில் இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பார்த்து நான் குறை சொல்லக்கூடிய துணி, அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

தை மாதத்தில் பண்டசோழநல்லூர்ப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு ஞானஸ்நானத்துக்குப் போனோம். குழந்தை முன்னால் பாரில், அவள் பின்னால் கேரியரில். வாய்க்கால் வந்ததும், “நிறுத்துங்க” என்றாள்.

இறங்கி வரப்பில் நின்றாள். கதிர் முற்றி, வயல் முழுவதும் ஒரே மஞ்சள். தண்ணீர் வடிந்துபோய் மண் இறுக ஆரம்பித்திருந்தது. வாங்கினவர் வரப்பை நன்றாக வெட்டிப் போட்டிருந்தார். எங்கள் குத்தகைக்காரர் காலத்தில் அப்படி விளைந்ததில்லை. அவள் எப்போதும் நிற்கிற இடத்தில்தான் நின்றாள். பிறகு அது மற்றவர் வரப்பு என்று நினைவு வந்ததோ என்னவோ, ரோட்டோரத்துக்குத் தள்ளி வந்து நின்று பார்த்தாள்.

எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. அமைதி தாங்காவிட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“உன் வயலு மட்டும் இன்னா ஒழுங்காம்?” என்றேன். “பங்குனியில வந்து பாரு. நம்ம வூட்டு சொவத்தவிட மோசமா வெடிச்சிக் கெடக்கும். கையே உள்ள போவும்.”

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள்.

“அது மழ பேஞ்சா மூடிக்கும்” என்றாள்.